நடு வீட்டின் வருமானம்: ஒரு கிராமப்புறக் கவுண்டியின் கணக்கை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், மொன்டானா எல்லையை ஒட்டி மெக்கென்சி என்றொரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்தபடியான நிர்வாகப் பிரிவு. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேல் உண்டு. மெக்கென்சியின் பரப்பு ஏறக்குறைய 7,400 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய இடத்தில் 2000ஆம் ஆண்டு சென்சஸின்போது இருந்தவர்கள் 5,737 பேர்தான். கோதுமை வயல், மாட்டுப் பண்ணை, அங்கொன்றும் இங்கொன்றுமாக எண்ணெய்க் கிணறு. பிறகு பேக்கன் பாறை அடுக்கிலிருந்து எண்ணெய் எடுக்கும் புதுத் தொழில்நுட்பம் வந்தது. ஊரே தலைகீழாக மாறியது. 2010இல் 6,360 பேர், 2020இல் 14,704 பேர். தலைநகரான வாட்ஃபோர்ட் சிட்டி பத்தே வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல் பெருத்தது.

இப்படி ஓர் இடத்தில் மக்களின் வருமானம் உயர்ந்ததா, எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டால் பதில் சுலபமாகத்தான் தெரியும். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்தும் ஃபிரெட் தரவுத்தளத்தில் கவுண்டியின் பெயரைப் போட்டால் ஒரு வரைபடம் வந்து நிற்கும். 1989இல் ஒரு புள்ளி, 1993, 1995இல் ஒவ்வொன்று, 1997க்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று. எல்லாப் புள்ளிகளையும் இணைத்து ஒரு கோடு. ஆனால் 1997க்குப் பிறகு வரும் அந்த வருடாந்திரப் புள்ளிகளில் ஒன்றைக்கூட யாரும் வீடு வீடாகப் போய் எண்ணி வைக்கவில்லை. அத்தனையும் மதிப்பீடு. அந்த மதிப்பீடு எப்படி உருவாகிறது என்று தெரியாமல் கோட்டை மட்டும் பார்த்தால், இல்லாத ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்குத் தெரியும். இருக்கும் மாற்றம் தெரியாமலும் போகும்.

நடுவில் நிற்கும் வீடு

முதலில் எந்த எண்ணைத் தேடுகிறோம் என்பதைச் சரிபார்த்துக்கொள்வோம். ஒரு கவுண்டியில் உள்ள எல்லா வீடுகளையும் வருமானத்தின்படி வரிசையாக நிறுத்தினால், சரியாக நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம்தான் இடைநிலை வருமானம். பாதி வீடுகள் அதற்குக் கீழே, பாதி மேலே.

சராசரி ஏன் கூடாது? ஐந்து வீடுகளை எடுத்துக்கொள்வோம். வருட வருமானம் 30, 35, 40, 45, 50 ஆயிரம் டாலர். சராசரியும் 40,000, இடைநிலையும் 40,000. இப்போது கடைசி வீட்டுக்காரரின் நிலத்துக்கு அடியில் எண்ணெய் கிடைக்கிறது. வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் ராயல்டி வர ஆரம்பிக்கிறது. சராசரி ஒரே தாவலில் 2,40,000 டாலராகிவிடும். இடைநிலை அதே 40,000. மற்ற நால்வரின் கையில் ஒரு டாலரும் கூடவில்லை என்ற உண்மையை இடைநிலைதான் சொல்கிறது. மெக்கென்சி மாதிரி இடத்தில் இது கற்பனைக் கணக்கு மட்டுமல்ல. நிலத்தடிக் கனிம உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருக்கும், அது இல்லாத பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் இடையே அப்படித்தான் இடைவெளி விழுந்தது.

அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வு நிறுவனம் 1969 முதல் ஒவ்வொரு கவுண்டிக்கும் வருடா வருடம் தனிநபர் வருமானம் வெளியிடுகிறது. இடைவெளி இல்லாத நீண்ட தொடர் என்பதால் பலரும் அதை எடுத்து இடைநிலைக்குப் பதிலாக வைத்துவிடுகிறார்கள். அது சராசரி. மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தது. மருத்துவமனைகளுக்கு அரசு கட்டும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுப் பணம்கூட அதில் வருமானமாகச் சேர்கிறது. விளைச்சல் நன்றாக இருந்த வருடத்தில் எகிறும், கோதுமை விலை விழுந்த வருடத்தில் படுக்கும். ஊரின் பொருளாதாரம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க நல்ல தொடர்தான். நடு வீட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

வீடு என்பதற்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. ஒரு குடியிருப்பில் சேர்ந்து வாழ்பவர்கள் எல்லோரும் ஒரு வீடு. உறவினர்களாக இருக்க வேண்டியதில்லை. தனியாக வாழும் பாட்டியும் ஒரு வீடு. ஒரே டிரெய்லரில் வாடகை பகிர்ந்துகொண்டு தங்கும் மூன்று எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களும் ஒரு வீடு. மூவரின் சம்பளமும் கூடி ஒரே வருமானமாகக் கணக்கில் ஏறும். குடும்பம் என்பது வேறு: ரத்தத்தாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ உறவுள்ள இருவராவது சேர்ந்து வாழ வேண்டும். தனி ஆட்கள் விலக்கப்படுவதால் குடும்ப இடைநிலை பொதுவாக வீட்டு இடைநிலையைவிட அதிகமாக இருக்கும். 2000 சென்சஸில் மெக்கென்சியின் வீட்டு இடைநிலை சுமார் 29,300 டாலர், குடும்ப இடைநிலை சுமார் 34,100. பழைய அறிக்கையிலிருந்து ஒன்றையும் புதியதிலிருந்து இன்னொன்றையும் எடுத்து ஒட்டினால், நடக்காத வளர்ச்சியோ வீழ்ச்சியோ அங்கேயே முளைத்துவிடும்.

அப்புறம், எது வருமானம்? வரிக்கு முந்தைய பணம்: சம்பளம், பண்ணையில் செலவு போக நின்ற லாபம், வட்டி, வாடகை, ராயல்டி, ஓய்வூதியம், சமூகப் பாதுகாப்புத் தொகை. நிலத்தை விற்றதில் வந்த லாபம் சேராது. உணவு உதவி அட்டையும் சேராது. ஒரே தடவையில் வந்த பரம்பரைச் சொத்தும் சேராது. அந்த வருடம் பண்ணையையே விற்றுப் பெரும்பணம் பார்த்த முதியவர் இந்தக் கணக்கில் ஏழையாகத் தெரியலாம். பண்ணை நஷ்டம் என்றால் கழித்தல் குறியோடும் வரலாம்.

யாரிடம் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள்

அமெரிக்க சென்சஸில் வருமானக் கேள்வி முதலில் வந்தது 1940இல். அப்போது முக்கியமாகச் சம்பளத்தை மட்டும் கேட்டார்கள். பின்னாட்களில் எல்லோரிடமும் கேட்காமல் ஒரு பகுதியினரிடம் மட்டும் நீளப் படிவம் கொடுத்துக் கேட்கும் முறை வந்தது. 2000 சென்சஸில் நாடு முழுக்கச் சராசரியாக ஆறு வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தப் படிவம் போனது. சின்னஞ்சிறு ஊர்களில் இரண்டுக்கு ஒன்று வரைகூட. 1999ஆம் ஆண்டில் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று கேட்டார்கள். அதனால்தான் 2000 சென்சஸ் எண்ணை 1999 டாலரில் எழுதுவார்கள். சின்னக் கவுண்டிகளுக்கு அது ஓரளவு உறுதியான எண். ஆனால் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். நடுவில் எண்ணெய் கிடைத்தாலும் சரி, ஆலை மூடினாலும் சரி, அடுத்த சென்சஸ் வரை காத்திருக்க வேண்டும்.

2010இல் நீளப் படிவமே இல்லை. அதன் இடத்தை அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே எடுத்துக்கொண்டது. 2005இலிருந்து முழு அளவில் நடக்கிறது. இப்போது வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகள். மாதாமாதம் பிரித்துக் கேட்கிறார்கள். கேள்வி, 'கடந்த 12 மாதங்களில் உங்கள் வருமானம் என்ன?' என்பது.

35 லட்சம் என்றால் பெரிய எண்ணாகத் தெரியும். கவுண்டிக்குள் கொண்டுவந்து பார்ப்போம். நாட்டில் ஏறக்குறைய 14 கோடி முகவரிகள். தோராயமாக நாற்பதுக்கு ஒன்று. 2010இல் மெக்கென்சியில் இருந்த வீடுகள் சுமார் 2,400. நாற்பதுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 60 வீடு. சின்ன ஊராட்சிகளில் விகிதத்தைக் கூட்டித்தான் எடுக்கிறார்கள், ஆனால் பதில் சொல்லாதவர்களும் உண்டு. 60 என்றே வைத்துக்கொள்வோம்.

அறுபது வீட்டிலிருந்து நடு வீட்டைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நம்பகமானது? இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 60 வீடுகளை வரிசையில் நிறுத்தினால் நடு 30ஆவது இடத்தை ஒட்டி வரும். மாதிரி, அதாவது கேட்பதற்குத் தேர்ந்தெடுத்த வீடுகள், தற்செயலாக அமைவதால் கவுண்டியின் உண்மையான நடு, இந்த வரிசையில் முன்னே பின்னே எங்கோ இருக்கும். எவ்வளவு முன்னே பின்னே? 60இன் வர்க்கமூலம் சுமார் 7.7. அதில் பாதி 3.9. 90 சதவீத நம்பிக்கைக்குப் புள்ளியியலில் பயன்படும் எண் 1.645. அதனால் பெருக்கினால் 6.4. ஆக, 90 சதவீத நம்பிக்கையோடு சொல்வதென்றால், உண்மையான நடு வரிசையில் 24ஆவது வீட்டுக்கும் 36ஆவது வீட்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. வரிசையை நூறு இடமாக நினைத்தால் 40ஆவது இடத்திலிருந்து 60ஆவது இடம் வரை; இதைத்தான் 40ஆவது, 60ஆவது சதமானம் என்பார்கள். 24ஆவது வீட்டின் வருமானம் 40,000 டாலராகவும் 36ஆவது வீட்டின் வருமானம் 58,000 டாலராகவும் இருந்துவிட்டால், 'இடைநிலை 48,000' என்று அறிவிப்பதில் என்ன பயன்? அடுத்த வருடம் வேறு 60 வீடு வரும். எண் 54,000 ஆகலாம், 43,000 ஆகலாம். ஊரில் எதுவும் மாறியிருக்காது.

ஐந்து வருடத்து மாதிரிகளை ஒன்றாகக் குவித்தால் 300 வீடு. அதே கணக்கைப் போட்டால் 150க்கு முன்னும் பின்னும் 14 இடம்தான். 45ஆவது சதமானத்திலிருந்து 55 வரை. பட்டை பாதியாகச் சுருங்கிவிட்டது. மாதிரி ஐந்து மடங்கு பெருகினாலும் துல்லியம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வர்க்கமூலம் செய்யும் வேலை.

இதனால்தான் சென்சஸ் அலுவலகம் 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டும் வழக்கமான ஒரு வருட மதிப்பீடு வெளியிடுகிறது. மற்ற எல்லா இடங்களுக்கும் ஐந்து வருடத்தைச் சேர்த்த மதிப்பீடுதான். முதல் தொகுப்பு 2005–2009 காலத்துக்கானது, 2010 டிசம்பரில் வெளிவந்தது. நடுவில் 20,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மூன்று வருடத் தொகுப்பு ஒன்று இருந்தது, அதையும் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஐந்து வருடத் தொகுப்பை விட்டால் சர்வேயிலிருந்து நேரடியாக வேறு எதுவும் கிடைக்காது.

துல்லியம் கிடைத்தது, காலம் மங்கியது. 2006–2010 தொகுப்பில் முதல் ஆள் 2006 ஜனவரியில் பதில் சொல்கிறார், அவர் சொல்வது 2005ஆம் வருடத்து வருமானம். கடைசி ஆள் 2010 டிசம்பரில் சொல்கிறார். ஆக ஒரே எண்ணுக்குள் கிட்டத்தட்ட ஆறு வருடம் இருக்கிறது. மெதுவாக மாறும் ஊருக்கு இதில் குறையில்லை. மெக்கென்சியில் அந்த ஆறு வருடத்தின் முன்பாதி கோதுமைக் காலம், பின்பாதி எண்ணெய்க் காலம். இரண்டையும் கலந்தால் வரும் எண் எந்த ஒரு வருடத்தையும் குறிக்காது. எண்ணெய் விலை பீப்பாய்க்கு 100 டாலரைத் தாண்டி நின்ற 2014ஆம் ஆண்டின் நடுப்பகுதியும், அதற்குப் பின் தொடங்கிய சரிவும் ஒரே 2011–2015 தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. உச்சமும் சரிவும் ஒன்றையொன்று தின்றுவிட, தொகுப்பு ஒரு சாதுவான எண்ணைக் காட்டும்.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு சிக்கலைத்தான் ஆரம்பநிலையில் இருப்பவர்கள் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள். 2006–2010 எண்ணையும் 2007–2011 எண்ணையும் பக்கத்தில் வைத்து, 'ஒரு வருடத்தில் இவ்வளவு கூடியது' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நான்கு வருடம் பொது. வித்தியாசம் என்பது 2006ஐக் கழற்றி 2011ஐச் சேர்த்ததன் விளைவு மட்டுமே. அதுவும் ஐந்தில் ஒரு பங்காகக் கரைந்து வரும். ஒன்றோடொன்று மேல்படியாத தொகுப்புகளைத்தான் ஒப்பிட வேண்டும்: 2006–2010, 2011–2015, 2016–2020. பதினைந்து வருடத்துக்கு மூன்றே மூன்று புள்ளி. போதாது என்று தோன்றும். ஆனால் நேர்மையாகக் கையில் இருப்பது அவ்வளவுதான். மூன்றாவது தொகுப்பிலும் கொரோனா காலம் கலந்திருக்கிறது. 2020இல் பதில் சொன்னவர்கள் குறைந்துபோனதால் அந்த ஆண்டின் வழக்கமான ஒரு வருட மதிப்பீட்டையே சென்சஸ் அலுவலகம் வெளியிடவில்லை, ஐந்து வருடத் தொகுப்பும் தாமதமாக 2022 மார்ச்சில்தான் வந்தது.

ஒவ்வொரு மதிப்பீட்டோடும் பிழை வரம்பு ஒன்று கூடவே வரும். 52,000 ± 6,000 என்று போட்டிருந்தால் அது 90 சதவீத நம்பிக்கைக்கான வரம்பு. அடுத்த தொகுப்பு 57,000 ± 7,000 என்று வந்தால் வருமானம் 5,000 டாலர் உயர்ந்துவிட்டதா? 6இன் வர்க்கம் 36, 7இன் வர்க்கம் 49, கூட்டினால் 85, வர்க்கமூலம் 9.2. வித்தியாசத்தின் பிழை வரம்பு சுமார் 9,200 டாலர். 5,000 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. உயர்ந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தத் தரவை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. (எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை, முறை உண்மையானது.) பத்திரிகைச் செய்திகளில் இந்தப் பிழை வரம்பைக் காண்பது அபூர்வம். கிராமப்புறக் கவுண்டிகளைப் பற்றி 'வருமானம் சரிந்தது' என்று வரும் செய்திகளை நான் சந்தேகத்தோடே படிப்பதற்கு அதுவே காரணம்.

வகுப்புகளிலிருந்து நடுவை எடுப்பது

பல சமயம் இடைநிலை நேரடியாகக் கிடைக்காது. நாமே கணக்கிட வேண்டியிருக்கும். உதாரணமாக மெக்கென்சியையும் பக்கத்து வில்லியம்ஸ் கவுண்டியையும் சேர்த்து எண்ணெய்ப் பகுதிக்கென ஒரே எண் வேண்டும். இரண்டு இடைநிலைகளையும் கூட்டி இரண்டால் வகுப்பது தப்பு. மக்கள்தொகையால் எடை போட்டு வகுத்தாலும் தப்புதான். நடு வீடுகளைக் கூட்டிப் புது நடு வீட்டை உருவாக்க முடியாது. வரிசையைப் புதிதாக நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அதற்கு சர்வே 16 வருமான வகுப்புகளாக வீடுகளின் எண்ணிக்கையைத் தருகிறது: 10,000 டாலருக்குக் கீழ், 10,000 முதல் 14,999 வரை என்று போய், 2,00,000க்கு மேல் வரை. இரண்டு கவுண்டிகளின் எண்ணிக்கையையும் வகுப்பு வகுப்பாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டியதும் மொத்தம் 1,000 வீடு என்று வைப்போம். நடு 500ஆவது வீட்டில் விழும். 45,000 டாலருக்குக் கீழே 480 வீடு, 45,000 முதல் 49,999 வரையான வகுப்பில் 50 வீடு இருக்கிறது என்றால், அந்த ஐம்பதில் 20ஆவது வீடு நமக்கு வேண்டும். வகுப்புக்குள் வீடுகள் சீராகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொண்டால், 20/50 என்பது 0.4; வகுப்பின் அகலம் 5,000; பெருக்கினால் 2,000. இடைநிலை 47,000 டாலர். நம்மூர்ப் பள்ளிப் புத்தகத்தில் தொகுக்கப்பட்ட தரவுக்கு இடைநிலை காணும் சூத்திரம் என்று வருமே, அதேதான்.

வகுப்பு அகலமாக இருக்கும் இடத்தில் விழுந்தால் கவனம் தேவை. 75,000 முதல் 99,999 வரை ஒரே வகுப்பு. வருமானம் உயர்ந்து நடு வீடு அதற்குள் நுழைந்துவிட்டால், சீராகப் பரவியிருக்கிறது என்ற அனுமானம் ஆட்டம் காணும்.

மற்ற பதிவுகளிடம் கடன் வாங்குவது

ஃபிரெட் தளத்தில் வருடத்துக்கு ஒரு புள்ளி இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? சென்சஸ் அலுவலகத்தின் இன்னொரு திட்டத்திலிருந்து: சிறு பகுதிகளுக்கான வருமானம் மற்றும் வறுமை மதிப்பீடுகள். ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு நிதி பிரித்துக் கொடுக்க, பத்து வருடப் பழைய சென்சஸை நம்பியிருக்கக் கூடாது என்று 1990களில் எழுந்த தேவையிலிருந்து வளர்ந்த திட்டம் அது. அரைக் கோடி பேர் உள்ள கவுண்டியானாலும் நூறு பேர்கூட இல்லாத கவுண்டியானாலும், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு வருட எண்ணைத் தருகிறது. சர்வேயில் அறுபது வீட்டை வைத்துக்கொண்டு முடியாது என்று இப்போதுதான் பார்த்தோம். பிறகு இது எப்படி முடிகிறது?

சர்வே பலவீனமாக இருந்தாலும் வேறு பதிவுகள் இருக்கின்றன. வருமான வரிப் படிவங்கள் கவுண்டியில் உள்ள பெரும்பாலானவர்களிடமிருந்து வருகின்றன. உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை தெரியும். தனிநபர் வருமானத் தொடர் இருக்கிறது. பழைய சென்சஸ் இருக்கிறது. இவற்றில் எதுவும் இடைநிலை வீட்டு வருமானம் ஆகாது. வரி கட்டாதவர்கள் விடுபடுவார்கள், ஒரே வீட்டில் இரண்டு படிவம் இருக்கும். ஆனால் நாடு முழுக்க உள்ள கவுண்டிகளை வைத்துப் பார்த்தால், இந்தப் பதிவுகளுக்கும் சர்வே வருமானத்துக்கும் இடையே ஓர் உறவு தெளிவாகத் தெரியும். அந்த உறவை ஒரு சமன்பாடாக எழுதிவிட்டால், மெக்கென்சியின் வரிப் பதிவை வைத்து அதன் இடைநிலை எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

இப்போது கையில் இரண்டு எண்: சர்வே சொல்வது ஒன்று, சமன்பாடு சொல்வது ஒன்று. எதை நம்புவது? இரண்டையும், அவரவர் பிழைக்கு ஏற்ற அளவில். சர்வே 60,000 என்கிறது, அதன் திட்டப் பிழை, அதாவது எண் வழக்கமாக விலகக்கூடிய அளவு, 6,000 என்போம். சமன்பாடு 50,000 என்கிறது, அதன் பிழை 3,000. இரண்டு பிழைகளின் வர்க்கங்களும் 36க்கு 9 என்ற விகிதம். பிழை கூடினால் எடை குறைய வேண்டும். சர்வேக்குக் கிடைக்கும் எடை 9/(9+36), அதாவது 0.2. சமன்பாட்டுக்கு 0.8. முடிவு: 0.2 × 60,000 + 0.8 × 50,000 = 52,000. சர்வேயில் ஆள் பெருகப் பெருக அதன் பிழை குறையும், எடை தானாகக் கூடும். லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி பெரிய கவுண்டியில் சமன்பாட்டுக்கு வேலையே இருக்காது. மெக்கென்சி மாதிரி இடத்தில் சமன்பாடுதான் பெரும்பாலும் பேசும். நடைமுறையில் டாலரை நேரடியாக வைக்காமல் மடக்கை எடுத்துச் செய்கிறார்கள், ஆனால் தர்க்கம் இதுதான். இந்த முறைக்கு அடிப்படை போட்டவர்கள் ராபர்ட் ஃபே, ரோஜர் ஹெரியட் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள். 1979இல் அவர்கள் எழுதிய கட்டுரை சின்னஞ்சிறு ஊர்களின் வருமானத்தை மதிப்பிடுவதைப் பற்றியதுதான். இன்று உலகம் முழுக்கச் சிறு பகுதி மதிப்பீடு செய்பவர்கள் ஃபே–ஹெரியட் மாடல் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

எனக்குப் பிடித்த முறை. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. சமன்பாடு நாட்டின் பொதுப் போக்கிலிருந்து கற்றது. பொதுப் போக்குக்கு மாறாக ஒரு கவுண்டி திடீரென்று நடந்துகொண்டால், மதிப்பீடு அதைக் கூட்டத்தை நோக்கி இழுக்கும். எண்ணெய் வெடிப்பு அப்படிப்பட்ட திடீர்தான். வரிப் பதிவு ஓரளவு காட்டிக்கொடுக்கும், அதனால் முழுக்க மறைந்துவிடாது. ஆனாலும் கூர்முனை கொஞ்சம் மழுங்கும். இன்னொன்று: இந்தத் தொடர் 2005க்கு முன் வேறொரு சர்வேயை நம்பியிருந்தது. மாதாந்திர வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பின் இணைப்பான அந்த சர்வேயில், பல கவுண்டிகளிலிருந்து ஒரு வீடுகூட இருக்காது. 2005இல் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேக்கு மாறினார்கள். வரைபடத்தில் 2004க்கும் 2005க்கும் நடுவே ஒரு மடிப்பு தெரிந்தால், அதை ஊரின் தலையில் கட்டும் முன் யோசிக்க வேண்டும். அளவுகோலே அங்கே மாறியிருக்கிறது.

எந்த வருடத்து டாலர்

இந்தச் சிறு பகுதி மதிப்பீட்டில் வரும் டாலர் அந்தந்த வருடத்து டாலர். விலைவாசிக்குச் சரிக்கட்டாதது. ஐந்து வருடத் தொகுப்போ, கடைசி வருடத்து டாலருக்கு மாற்றப்பட்டது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் அப்படியே போட்டால் குழப்பம்தான்.

மெக்கென்சிக்கே போட்டுப் பார்ப்போம். 1999இல் சுமார் 29,300 டாலர். 2006–2010 தொகுப்பில் சுமார் 48,500, அது 2010 டாலரில். அப்படியே வகுத்தால் 65 சதவீத வளர்ச்சி. தலைப்புச் செய்திக்கு ஏற்ற எண். நுகர்வோர் விலைக் குறியீடு 1999இல் 166.6, 2010இல் 218.1. வகுத்தால் 1.31. ஆக 1999இன் 29,300 டாலர் 2010இல் சுமார் 38,400க்குச் சமம். 38,400லிருந்து 48,500 என்றால் உண்மையான உயர்வு 26 சதவீதம் வாக்கில். அறுபத்தைந்து எங்கே, இருபத்தாறு எங்கே.

அந்த இருபத்தாறிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. நாம் பயன்படுத்திய குறியீடு அமெரிக்க நகர்ப்புற நுகர்வோருக்கானது, நாடு முழுமைக்கும் ஒன்று. கவுண்டிக்கென்று தனி விலைக் குறியீடு கிடையாது. எண்ணெய்க் காலத்தில் வடக்கு டகோட்டாவின் மேற்கில் வீட்டு வாடகை தறிகெட்டுப் போனது. 2014இல் பக்கத்து வில்லிஸ்டன் நகரத்தின் வாடகை அமெரிக்காவின் பெருநகரங்களையே மிஞ்சியதாகச் செய்திகள் வந்தன. நிலமும் வீடும் சொந்தமாக இருந்தவருக்கு அது வரவு. வாடகையில் இருந்த பள்ளி ஆசிரியருக்கு, குறியீட்டில் தெரியாத செலவு.

யாருடைய நடு வீடு

இனி வருவதுதான் இந்த விஷயத்திலேயே முக்கியமானது என்பது என் எண்ணம். முன்பு பார்த்த ஐந்து வீடுகளுக்கே, எண்ணெய் ராயல்டி வருவதற்கு முந்தைய நிலைக்கே திரும்புவோம்: 30, 35, 40, 45, 50 ஆயிரம். நடு 40. இப்போது எண்ணெய் வேலைக்காக நான்கு புது வீட்டார் குடிவருகிறார்கள். அவர்கள் வருமானம் 80, 85, 90, 95 ஆயிரம். ஒன்பது வீட்டை வரிசையில் நிறுத்தினால் ஐந்தாவது வீடு 50,000. இடைநிலை 25 சதவீதம் உயர்ந்துவிட்டது. பழைய ஐந்து வீட்டில் ஒருவர் வருமானமும் ஒரு டாலர்கூட மாறவில்லை.

மக்கள்தொகை பத்து வருடத்தில் இரு மடங்குக்கு மேல் ஆன கவுண்டியில் இதை ஒதுக்கிவிட முடியாது. இதற்கு நேரெதிரானதும் நடக்கும், அதுதான் கிராமப்புற அமெரிக்காவில் அதிகம்: இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியேறுகிறார்கள், சமூகப் பாதுகாப்புத் தொகையில் வாழும் முதியவர்கள் மிஞ்சுகிறார்கள். யாருடைய வருமானமும் குறையாமலே இடைநிலை இறங்கும். வெளியேறிய இளைஞர் வேறு ஊரில் நன்றாகச் சம்பாதிப்பது அந்த ஊரின் கணக்கில் ஏறும்.

எண்ணெய்க் காலத்தில் இன்னொரு வேடிக்கை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வரிசை வரிசையாகப் போட்ட தற்காலிக முகாம்களில் தங்கினார்கள். அப்படிப்பட்ட முகாம் சென்சஸ் கணக்கில் வீடு அல்ல; கூட்டுத் தங்குமிடம். அதில் இருப்பவர் மக்கள்தொகையில் எண்ணப்படலாம், ஆனால் அவர் சம்பளம் வீட்டு இடைநிலையில் சேராது. அதே தொழிலாளர் ஒரு டிரெய்லர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அதில் குடியிருந்தால், அது வீடு, சம்பளம் சேரும். இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் சொந்த ஊர் என்று போய்வருபவர் தன் சொந்த மாநிலத்தில் எண்ணப்படுவார். வேலை பார்க்கும் இடத்தை வைத்து எடுக்கும் சம்பளப் புள்ளிவிவரம் ஒன்று தனியாக இருக்கிறது. முதலாளிகள் கட்டும் வேலையின்மைக் காப்பீட்டுப் பதிவிலிருந்து காலாண்டுக்கு ஒருமுறை வருவது. அதில் மெக்கென்சியின் சம்பளம் எகிறுவது பளிச்சென்று தெரியும். வீட்டு வருமானத்தில் அவ்வளவு தெரியாது. இரண்டும் பொய் சொல்லவில்லை. ஒன்று வேலையை எண்ணுகிறது, மற்றது குடியிருப்பை.

ஆகவே 1999க்கும் 2006–2010க்கும் இடையிலான மாற்றத்தை எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: 'மெக்கென்சி கவுண்டியின் இடைநிலை வீட்டு வருமானம் விலைவாசி போகச் சுமார் கால்பங்கு உயர்ந்ததாக மதிப்பீடுகள் காட்டுகின்றன, இரண்டாவது எண் ஐந்து வருடச் சேர்க்கை என்பதால் கடைசி வருடங்களின் உயர்வு இதைவிட அதிகமாக இருக்கக்கூடும், இதில் பழைய குடிகளின் பங்கு எவ்வளவு, வந்தவர்களின் பங்கு எவ்வளவு என்பதை இந்தத் தரவிலிருந்து பிரிக்க முடியாது.' பக்கத்திலேயே பிழை வரம்பையும் போட்டுவிடுவேன்.

பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அமெரிக்க வருமான வரித் துறை வெளியிடும் இடப்பெயர்வுத் தரவைத் தேட வேண்டும். வரிப் படிவத்தின் முகவரி ஒரு வருடத்திலிருந்து அடுத்த வருடத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்து, எந்தக் கவுண்டியிலிருந்து எந்தக் கவுண்டிக்கு எத்தனை படிவங்கள் நகர்ந்தன, அவற்றின் மொத்த வருமானம் எவ்வளவு என்று தருகிறார்கள். இடம் மாறாதவர்களின் கணக்கும் தனியாக உண்டு. மொத்தத்தைப் படிவங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வந்தவர்களுக்கு ஓர் எண், இருந்தவர்களுக்கு ஓர் எண் கிடைக்கும். கிடைப்பது சராசரிதான், இடைநிலை இல்லை. ராயல்டி வாங்கும் ஒரு பண்ணைக்காரர் அங்கேயும் கணக்கைத் தூக்கி நிறுத்திவிடுவார்.